தொட்டாச்சிணுங்கி மனசும் தனக்கென்று செலவும்: உறுத்தலை எப்படி இறக்கி வைப்பது?

முல்லைக்கொடி (இழையைத் தொடங்கியவர்)

இரண்டு கேள்விகள் மாறி மாறி வருகின்றன. "சின்ன விஷயத்துக்கெல்லாம் கண் கலங்கிவிடுகிறது, அப்புறம் நாள் முழுக்கக் கூசுகிறது" என்பது ஒன்று. "எனக்கென்று எதையாவது வாங்கினால் தொண்டையில் முள் சிக்கிய மாதிரி இருக்கிறது" என்பது இன்னொன்று. கவனித்தால் பெரும்பாலும் இரண்டையும் கேட்பது ஒரே ஆள்தான். அதனால் ஒரே இழையாக வைக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். "உன்னை நீயே நேசி" வகை ஆறுதல் வேண்டாம், அது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. சொந்தக் கதையும் வேண்டாம். என்ன செய்வது, எவ்வளவு, எத்தனை நாள், எங்கே சொதப்பும் என்பதை மட்டும் எழுதுங்கள்.

---

தெளிநீர்

முதலில் நோய்க்குச் சரியான பெயர் வைக்க வேண்டும். குற்ற உணர்வு வேறு, வெட்கம் வேறு. உளவியலாளர் ஹெலன் பிளாக் லூயிஸ் 1971-லேயே இதைப் பிரித்துக் காட்டினார். பின்னால் ஜூன் டாங்னி விரிவாக அளந்து பார்த்தார். குற்ற உணர்வு ஒரு செயலைச் சுட்டும்: "அப்படிப் பேசினது தப்பு." வெட்கம் ஆளையே சுட்டும்: "நான் ஒரு அழுமூஞ்சி." முன்னது மன்னிப்புக் கேட்கும், ஈடு செய்யும். பின்னது ஒளிந்துகொள்ளும். சில நேரம் எதிரில் இருப்பவர் மேல் கோபமாகவும் பாயும்.

கண் கலங்கியதற்காக வருவதைக் குற்ற உணர்வு என்கிறோம். முக்கால்வாசி அது வெட்கம்தான். அதனால்தான் எத்தனை முறை "ஸாரி" சொன்னாலும் தீருவதில்லை. செய்த காரியத்துக்கு மன்னிப்புக் கேட்கலாம், பிறந்த சுபாவத்துக்கு எப்படிக் கேட்பது?

இரண்டு உறுத்தலுக்கும் அடியில் ஒரே சட்டம் ஓடுகிறது: "என்னால் யாருக்கும் பாரம் வரக் கூடாது." கண்ணீர் அடுத்தவர் கவனத்தை எடுத்துக்கொள்கிறது, வாங்கிய பொருள் வீட்டுப் பணத்தை எடுத்துக்கொள்கிறது. ஆக, உறுத்தலை ஒரு புகார் மனுவாக வைத்துக்கொள்ளுங்கள். மனு வந்தால் விசாரிக்க வேண்டியதுதான். மனு வந்துவிட்டது என்பதற்காகவே தண்டனை கொடுக்க முடியாது.

விசாரணைக்கு ஒரு தாள், நான்கு பத்திகள். உணர்ச்சிக் கொந்தளிப்பைக் கையாளப் பழக்க மார்ஷா லைன்ஹான் உருவாக்கிய டிபிடி என்ற உளச்சிகிச்சைமுறையில் உள்ள 'உண்மையைச் சரிபார்த்தல்' பயிற்சியை ஒட்டியது இது.

1. நடந்தது என்ன? கேமரா வைத்திருந்தால் பதிவாகியிருக்கக்கூடியது மட்டும். "எல்லார் முன்னாலும் அசிங்கப்பட்டேன்" கேமராவில் பதிவாகாது. "கூட்டத்தில் நாலு பேர் இருந்தார்கள், ஒரு நிமிடம் பேச முடியவில்லை" பதிவாகும்.
2. இழந்தவர் யார், என்ன இழந்தார்? பணமா, நேரமா, தூக்கமா, நம்பிக்கையா, எவ்வளவு?
3. மீறிய விதி எது? அது நான் யோசித்து ஏற்ற விதியா, காதில் விழுந்து ஒட்டிக்கொண்டதா?
4. இதையே எனக்குப் பிடித்த ஒருவர் செய்திருந்தால் என்ன சொல்வேன்?

இரண்டாவது பத்தி காலி, மூன்றாவதில் சொந்த விதி எதுவும் இல்லை என்றால் மனு தள்ளுபடி. ஏதாவது இருந்தால் ஈடு செய்யுங்கள். பத்து நிமிடத்துக்குமேல் இந்தத் தாளோடு உட்காராதீர்கள். அதற்குமேல் போனால் விசாரணை முடிந்து அசைபோடல் தொடங்கிவிடும்.

---

சிறுகல்

'தொட்டாச்சிணுங்கி' என்ற வசைக்குப் பின்னால் அளக்கக்கூடிய ஒரு குணம் இருக்கிறது. இலேன் ஆரனும் ஆர்தர் ஆரனும் 1997-இல் 27 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். சத்தம், வெளிச்சம், அடுத்தவர் முகபாவம், கலை எல்லாமே சிலருக்கு ஆழமாக இறங்குகின்றன என்பது அதன் சாரம். 2018-இல் லியோனெட்டியும் குழுவினரும் செய்த ஆய்வில் கிட்டத்தட்ட 31% பேர் அதிகக் கூருணர்வு, 40% நடுத்தரம், 29% குறைவு என்று மூன்று கூட்டமாகப் பிரிந்தார்கள். பத்துப் பேரில் மூன்று பேருக்கு இருப்பதைக் கோளாறு என்று சொல்ல முடியுமா? டிஎஸ்எம்-5 நோய்ப் பட்டியலில் இது கிடையாது.

அதே நேரம் இதைப் பட்டமாகச் சூட்டிக்கொள்ளவும் வேண்டாம். அந்த அளவுகோலில் அதிக மதிப்பெண் எடுப்பவர்களிடம் பதற்றக் குணமும் கூடுதலாகவே தென்படுகிறது. சுபாவத்தை மாற்ற முயல்வது வீண், பதற்றத்துக்குச் சிகிச்சை உண்டு. சோதிக்க எளிய வழி: நல்ல விஷயங்களும் ஆழமாகத் தொடுகின்றனவா? இசை, ஒருவரின் கனிவு, அழகான ஒரு மாலை. தொட்டால் அது கூருணர்வின் பக்கம். கெட்டதற்கு மட்டும் மனம் துள்ளினால் பதற்றத்தின் பக்கம் பாருங்கள்.

---

சந்தேகப்பிராணி

அப்போ "நான் அப்படித்தான், என் சுபாவம்"னு சொல்லிட்டு யார் மேல வேணா எரிஞ்சு விழலாமா? சுபாவம்ங்கிற பேர்ல வீட்டையே முள்ளு மேல நடக்க வைக்கிற ஆளுங்களும் இருக்காங்களே.

---

தெளிநீர்

நல்ல கேள்வி. உணர்ச்சிக்கும் நடத்தைக்கும் நடுவில் கோடு போட வேண்டும். கண் கலங்குவது, முகம் சிவப்பது, குரல் நடுங்குவது, ஒரு சொல் இரண்டு நாள் மனதில் கிடப்பது: இவை உணர்ச்சி, மன்னிப்புத் தேவையில்லை. கதவை அறைவது, மூன்று நாள் பேசாமல் இருந்து தண்டிப்பது, "நீ சொன்னதால்தான் அழுதேன்" என்று அடுத்தவர் தலையில் கட்டுவது: இவை நடத்தை, ஈடு தேவை.

ஈடு செய்யும்போது நான்கு துண்டு போதும். என்ன செய்தேன், உங்களுக்கு என்ன ஆனது, இனி எப்படி நடப்பேன், இப்போது நான் சரிசெய்ய என்ன இருக்கிறது. ஒரு முறை சொன்னால் போதும். அதே விஷயத்துக்கு இரண்டாவது மன்னிப்பைக் கேட்டவுடன் ஆறுதல் சொல்லும் வேலை எதிராளிக்குப் போய்விடுகிறது. பாரமாக இருக்கக் கூடாது என்று பயந்தவர் உண்மையில் பாரமாகும் இடம் இதுதான். ஐந்து முறை மன்னிப்புக் கேட்டு, "பரவாயில்லை, பரவாயில்லை" என்று ஐந்து முறை சொல்ல வைப்பது.

---

நடுநிசி_நத்தை

கண்ணீர் வர்ற அந்த நேரத்துக்கு மட்டும் சொல்றேன்.

அடக்காதீங்க. முகத்தை இறுக்கி அடக்கினா வெளியே தெரியாது, ஆனா உடம்பு உள்ளே இன்னும் முறுக்கேறும். ஜேம்ஸ் கிராஸும் லெவன்சனும் 1990-கள்ல படம் போட்டுக் காட்டி அளந்தப்போ, உணர்ச்சியை மறைச்சவங்களுக்கு இதய ரத்தநாளப் பரபரப்பு கூடத்தான் செஞ்சது. வருத்தமும் குறையல.

அதுக்குப் பதிலா ரெண்டு வேலை. முதல்ல மூச்சு. நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்க, நிமிஷத்துக்கு ஆறு மூச்சு வரும். ஒரு நிமிஷம் போதும். பெருசா இழுக்கக் கூடாது, இழுத்தா தலை சுத்தும். மெதுவா விடுறதுலதான் விஷயம். தொண்டை அடைச்சா ஒரு மடக்குத் தண்ணி.

அடுத்தது உணர்ச்சிக்குப் பேர் வைக்கிறது. லீபர்மேன் குழு 2007-ல காட்டினது இது: முகத்துல தெரியற உணர்ச்சிக்கு ஒரு சொல் வெச்சா மூளையில பயம் மாதிரி உணர்ச்சிகளைக் கிளப்பற அமிக்டலாங்கிற பகுதியோட துடிப்பு தணியுது. பேரு ஒண்ணு ரெண்டு சொல்லோட நிக்கணும். "ஏமாற்றம்", "அவமானம்", "களைப்பு". "ஏன் எனக்கு மட்டும் இப்படி ஆகுது"ன்னு வாக்கியமா நீட்டினா அது பேர் வைக்கிறது இல்ல, புலம்பல்.

எதிர்ல ஆள் இருந்தா ஒரே வரி. முன்கூட்டியே வாய்விட்டு பத்து தடவை சொல்லிப் பழகி வெச்சுக்கணும், அந்த நேரத்துல யோசிச்சா வராது. "கண் கலங்குது, ஆனா கேட்டுட்டுத்தான் இருக்கேன். தொடருங்க." பேசவே முடியலைன்னா, "அஞ்சு நிமிஷத்துல வந்து பேசறேன்." அஞ்சுன்னு சொன்னா அஞ்சுல வந்துரணும். வரலைன்னா அடுத்த தடவை அந்த வரிக்கு மதிப்பு இருக்காது.

"ஸாரி, நான் ரொம்ப சென்சிட்டிவ்"னு மட்டும் சொல்லாதீங்க. அப்படிச் சொன்னதும் நீங்க பேச வந்த விஷயம் காணாமப் போயிடும், எதிராளி உங்க சுபாவத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சிடுவார்.

---

வரவுசெலவு

செலவுப் பக்கம் நான் எழுதுகிறேன்.

சிக்கனக்காரரும் கை வராதவரும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருப்பார்கள். ஸ்காட் ரிக், சிந்தியா கிரைடர், ஜார்ஜ் லோவன்ஸ்டைன் மூவரும் 2008-இல் இதைப் பிரித்தார்கள். சிக்கனக்காரருக்குச் சேமிப்பது இன்பம். கை வராதவருக்குக் கொடுப்பது வலி, வாங்க வேண்டும் என்று தானே நினைப்பதையும் வாங்க மாட்டார். இந்த இழையின் பேச்சு இரண்டாமவருக்கு. முதலாமவர் பாட்டுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும், அவரைத் திருத்த வேண்டாம்.

ரிச்சர்ட் தேலர் (2017 பொருளாதார நோபல்) சொன்ன மனக்கணக்கு இங்கே உதவும். பணம் எல்லாம் ஒன்றுதான் என்றாலும் மனம் அதைத் தனித்தனிப் பைகளில் போட்டு வைக்கிறது. 'எனக்கு' என்று ஒரு பையே இல்லாதபோது, தனக்காக எடுக்கும் ஒவ்வொரு காசும் வேறு யாருடைய பையிலிருந்தோ திருடியதுபோல் தோன்றும். உறுத்தலில் பாதி அங்கிருந்து வருகிறது. எனவே பையைத் தைப்பது முதல் வேலை.

வருமானம் 100 என்று வைத்துக்கொள்வோம். கட்டாயச் செலவு 60, கடன் தவணை 12, சேமிப்பு 15, குடும்பத்தின் பொதுச் சந்தோஷங்களுக்கு 8. மீதி 5 உங்கள் பை. எண்கள் ஆளுக்கு ஆள் மாறும், விரலுக்குத் தகுந்த வீக்கம். வட்டி அதிகமான கடன் கழுத்தை நெரித்தால் 1 அல்லது 2 ஆக்குங்கள், பூஜ்ஜியம் ஆக்காதீர்கள். பூஜ்ஜியமாக வைத்தவர்கள் ஏழெட்டு வாரம் தாக்குப்பிடித்து, ஒரு நாள் மொத்தமாக உடைத்துச் செலவழித்து, "பார், என்னை நம்ப முடியாது" என்ற முடிவுக்கு வருவார்கள். பட்டினிக்குப் பிறகு வரும் பெரும்பசியை யாரும் குணக்கேடு என்று சொல்வதில்லை.

பையின் விதிகள்:

சம்பளம் வந்த அன்றே தானாக வேறு கணக்குக்குப் போக வேண்டும். மாதக் கடைசியில் மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்றால் மிச்சம் இருக்காது.

செலவழிக்காதது அடுத்த மாதத்துக்குச் சேரலாம், மூன்று மாதத் தொகை வரை. அதற்குமேல் சேர்ந்தால் அது சேமிப்பு, 'எனக்கு' என்ற பெயரில் ஒளிந்திருக்கிறது. நான்காவது மாதம் ஒரு பெரிய பொருளுக்கோ பயணத்துக்கோ தேதி குறித்துவிடுங்கள்.

அடுத்தவருக்கான பரிசு இதிலிருந்து போகக் கூடாது. உறுத்தல் உள்ளவர்கள் இந்தப் பையை இரண்டே மாதத்தில் அன்பளிப்புப் பையாக மாற்றிவிடுவார்கள்.

கடைசி விதியில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். மூக்குக் கண்ணாடி, பல் மருத்துவம், தேய்ந்த செருப்புக்கு மாற்று, மாதவிடாய்ப் பொருட்கள், மருந்து: இவை கட்டாயச் செலவு, அந்த 60-இல் அடங்க வேண்டியவை. தேவையை எல்லாம் ஆடம்பரக் கணக்கில் எழுதி, பிறகு "என் செலவு அதிகம்" என்று உறுத்திக்கொள்வது கணக்குப் பிழை. சோதனை: வீட்டில் வேறு ஒருவருக்கு இதே பொருள் தேவைப்பட்டால் யோசிக்காமல் வாங்குவீர்களா? ஆம் என்றால் அது கட்டாயச் செலவு.

---

நடுநிசி_நத்தை

பை தெச்சாச்சு, பணமும் இருக்கு, அப்பவும் கை போகாது. அந்த இடத்துக்கு வர்றேன்.

உறுத்தல் உள்ளவங்க வாங்கின பிறகு செய்யற காரியங்களைக் கவனிங்க. பில்லைக் கிழிச்சுப் போடுறது. "தள்ளுபடியில கிடைச்சுது"ன்னு யாரும் கேக்காமலே சொல்றது. உண்மை விலையைப் பாதியாக்கிச் சொல்றது. பொருளைப் பிரிக்காம அலமாரியில வெச்சு "நல்ல நாளுக்கு"ன்னு காத்திருக்கிறது. திருப்பிக் கொடுக்கக் கடைசித் தேதி என்னன்னு பாத்துக்கிட்டே இருக்கிறது. சமமா வேற ஆளுக்கு ஒண்ணு வாங்கி ஈடுகட்டுறது.

ஒவ்வொண்ணும் அந்த நிமிஷம் உறுத்தலைக் குறைக்கும். அதனாலதான் உறுத்தல் போகவே மாட்டேங்குது. "மறைச்சதாலதான் தப்பிச்சேன்"னு மனசு கத்துக்குது.

லைன்ஹான் முறையில இதுக்கு 'எதிர்ச்செயல்' உண்டு. ஆதாரமில்லாத குற்ற உணர்வு வந்தா, அது எதைச் செய்யாதேங்குதோ அதையே திரும்பத் திரும்பச் செய்யணும். மன்னிப்பு கேக்காம, ஈடு கட்டாம, தலையை நிமிர்த்தி, சாதாரண குரல்ல. அரைமனசாச் செஞ்சா வேலை செய்யாது. தெளிநீர் சொன்ன தாள்ல மனு தள்ளுபடி ஆன விஷயத்துக்கு மட்டும்தான் இது. கடனை மறைச்சு வாங்கினதுக்கெல்லாம் தலையை நிமிர்த்தக் கூடாது!

படி இப்படி:

முதல் படி, உங்க மாதப் பையில இருபதுல ஒரு பங்கு விலைக்கு ஒரு பொருள். முழு விலை, தள்ளுபடி கூடாது. தள்ளுபடின்னா அது ஒரு சாக்கு, பயிற்சி கெட்டுப் போகும். அன்னிக்கே பிரிச்சுப் பயன்படுத்தணும். யாரும் கேட்டா விலையைச் சொல்லணும், காரணம் சொல்லக் கூடாது. "பிடிச்சுது, வாங்கினேன்." அவ்வளவுதான்.

உறுத்தலுக்கு 0 முதல் 10 வரை மார்க் போடுங்க: வாங்கினதும், அரை மணி கழிச்சு, மறுநாள் காலை. முதல் ரெண்டு படிக்கு வாரத்துக்கு ரெண்டு தடவை, அதுக்கு மேல பை தாங்கற அளவுக்கு மட்டும். மறுநாள் மார்க் தொடக்கத்துல இருந்ததுல பாதிக்கு வந்ததும் அடுத்த படி: பத்துல ஒரு பங்கு, அப்புறம் அஞ்சுல ஒண்ணு, அப்புறம் பாதி. ஒவ்வொரு படிக்கும் ரெண்டு மூணு வாரம் ஆகலாம்.

உறுத்தல் போன பிறகு வாங்கலாம்னு காத்திருக்காதீங்க. வாங்கின பிறகுதான் அது இறங்கும், அதுவும் முதல் ரெண்டு தடவை கூடத்தான் செய்யும்.

---

சந்தேகப்பிராணி

இதைப் படிச்சிட்டு ஒருத்தர் மனசு சரியில்லாத நாள்லெல்லாம் கடைக்குப் போனா? மனசு இளகின ஆளுங்கதான் அதிகமா அதைச் செய்வாங்க. அது தவிர, அடுத்தவருக்குச் செலவழிச்சாத்தான் சந்தோஷம்னு ஆராய்ச்சியே இருக்கே.

---

சிறுகல்

இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

சோகத்தில் கை தளர்வது உண்மை. கிரைடர், லெர்னர் முதலியோர் 2008-இல் காட்டியது: சோகக் காட்சி பார்த்தவர்கள் அதே பொருளுக்கு அதிக விலை கொடுக்கத் தயாரானார்கள். தன்னைப் பற்றிய நினைப்பு கூடும்போது இது இன்னும் தீவிரமானது. ஆகவே மேலே சொன்ன பயிற்சிக்கு ஒரு முன்நிபந்தனை சேர்க்கிறேன். பொருளின் பெயர் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே ஒரு பட்டியலில் எழுதப்பட்டிருக்க வேண்டும். மனம் கொந்தளிக்கும் நேரத்தில் பட்டியலில் சேர்க்கலாம், வாங்கக் கூடாது. இதில் பல கொந்தளிப்புகள் பட்டியல் எழுதியதோடே அடங்கிவிடும். தேர்ந்தெடுப்பதே ஓரளவு கட்டுப்பாட்டு உணர்வைத் தருகிறது என்று ரிக் குழுவின் 2014 ஆய்வும் சொல்கிறது.

கையை வைத்தே இனம் காணலாம். தனக்கான செலவு என்றால் எது வேண்டும் என்பது முன்பே தெரியும், வாங்கியதும் தேடல் நின்றுவிடும். ஆற்றாமைச் செலவு என்றால் எதையாவது வாங்க வேண்டும் என்பது மட்டும் தெரியும், வாங்கிய கையோடு அடுத்ததைத் தேடும்.

இரண்டாவது விஷயம், டன், அக்னின், நார்ட்டன் 2008-இல் வெளியிட்ட ஆய்வு. சிறு தொகையைக் காலையில் கையில் கொடுத்து, அடுத்தவருக்குச் செலவிடச் சொன்னவர்கள் மாலையில் கூடுதல் மகிழ்ச்சியாக இருந்தார்கள். சரி. ஆனால் அவர்கள் சராசரி மனிதர்கள், கையில் இருந்தது எதிர்பாராமல் வந்த பணம். ஏற்கெனவே எல்லாவற்றையும் அடுத்தவருக்கே செலவழிப்பவர் தனக்கு ஒன்று வாங்கினால் பாவம் என்று அந்த ஆய்வு எங்கும் சொல்லவில்லை. வயிறு நிறைந்தவருக்கு எழுதிய மருந்துச்சீட்டைப் பசித்தவரிடம் நீட்டக் கூடாது. நம் ஆட்களே "தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்" என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். கஞ்சத்துக்குச் சாக்காகத்தான் அது அதிகம் பயன்பட்டிருக்கிறது, அது வேறு விஷயம்.

---

தெளிநீர்

இன்னொரு பொறி: "உழைத்துக் களைத்தால்தான் எனக்கு உரிமை." ரான் கிவெட்ஸும் இட்டமார் சைமன்சனும் 2002-இல் இதை ஆராய்ந்தார்கள். அதிக உழைப்பைப் போட்டவர்கள் ஆடம்பரப் பரிசைக் கூசாமல் தேர்ந்தெடுத்தார்கள். உழைப்பு உறுத்தலுக்கு அனுமதிச்சீட்டாகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இதையே சட்டமாக்கிக்கொண்டால் நோயில் படுத்த வாரம், வேலை இல்லாத மாதம், சும்மா இருக்கும் ஞாயிறு என எதிலும் உங்களுக்கு எதுவும் கிடையாது. மிகத் தேவைப்படும் நாளில் பை பூட்டப்பட்டிருக்கும். அதனால்தான் வரவுசெலவு சொன்னதுபோல் தேதிக்குத் திறக்கும் பை வேண்டும். சாதனைக்குத் திறக்கும் பை வேண்டாம்.

கிவெட்ஸ் உறுத்தலை வேறு கோணத்திலும் பார்த்தார். அவரும் அனத் கைனனும் 2006-இல் கண்டது: ஆசைக்கு இணங்கியதற்கான உறுத்தல் உடனடியாகச் சுடும், காலம் போகப் போகத் தேயும். இன்பத்தைத் தவறவிட்டதற்கான வருத்தம் நாளடைவில் வளரும். தாளில் ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்: "பத்து வருடம் கழித்து இதை வாங்காமல் விட்டதை எப்படி நினைப்பேன்?" பெரிய செலவுக்கு மட்டும். காதணிக்கெல்லாம் பத்து வருடம் யோசிக்க வேண்டாம்.

---

வரவுசெலவு

கூருணர்வும் செலவும் நேராக மோதும் இடம் ஒன்று விட்டுப்போனது. சத்தம் தாங்காதவர் காதடைப்பான் வாங்குவது, நெரிசல் தாங்காதவர் கூடுதல் கட்டணத்தில் காலியான நேரத்துப் பயணச்சீட்டு எடுப்பது, வீட்டு வேலையில் ஒரு பகுதியைக் கூலிக்கு விடுவது. "மற்றவர்கள் சமாளிக்கிறார்களே, எனக்கு மட்டும் என்ன தனிச் செலவு" என்று இரட்டை உறுத்தல் இங்கே வரும்.

இவற்றைக் கருவிச் செலவாக எழுதுங்கள். விலையைப் பயன்படும் நாட்களால் வகுத்துப் பாருங்கள். காதடைப்பான் வருடத்தில் 250 நாள் பயன்பட்டால் விலையை 250-ஆல் வகுத்த தொகைக்கு ஒரு நாள் தலைவலி தவிர்கிறதா என்பதே கேள்வி. நேரத்தைக் காசு கொடுத்து மீட்பது பற்றி விலன்ஸ் குழு 2017-இல் ஆய்ந்தது: பிடிக்காத வேலைகளை அப்படித் தள்ளிவிட்டவர்கள் வாழ்க்கையில் கூடுதல் திருப்தி தெரிவித்தார்கள்.

ஆனால் இந்த வகுத்தல் கணக்கைச் சந்தோஷச் செலவுக்குப் போடாதீர்கள். பூங்கொத்து நாள்கணக்கில் எப்போதும் தோற்கும்.

---

சிறுகல்

காதடைப்பான் பற்றி ஒரு எச்சரிக்கை. இரைச்சலான இடத்தில் போடுவது சரி. அமைதியான வீட்டிலும் நாள் முழுக்கப் போட்டிருந்தால் காது இன்னும் கூர்மையாகி, சாதாரணச் சத்தமும் குத்தத் தொடங்கும். போடும் இடத்தையும் நேரத்தையும் குறித்து வைத்து, வீட்டுக்குள் வந்ததும் கழற்றுங்கள்.

---

முல்லைக்கொடி

வீட்டில் உள்ளவரிடம் எப்படிச் சொல்வது? "எனக்கு ஒரு பை வேண்டும்" என்று ஆரம்பித்தாலே சண்டை வரும் என்று பலர் எழுதியிருக்கிறார்கள்.

---

நடுநிசி_நத்தை

"எனக்கு"ன்னு ஆரம்பிக்காதீங்க, "ஆளுக்கு ஒண்ணு"ன்னு ஆரம்பிங்க. ரெண்டு பேருக்கும் ஒரே தொகை. யாரு சம்பாதிக்கிறாங்கங்கிறது இதுல வரக் கூடாது, வந்தா சம்பாதிக்காதவர் பை மறுபடி பிச்சைப் பையாயிடும். அந்தத் தொகைக்குள்ள கேள்வி கிடையாது, கிண்டலும் கிடையாது. அதுக்கு மேல போற செலவுக்கு ஒரு வரம்பு வெச்சு, தாண்டினா முன்னாடியே பேசிக்கணும்.

பேசற நேரம் முக்கியம். பொருள் வாங்கிட்டு வந்த அன்னிக்கு பேசினா அது சாக்கு. சம்பளத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி, கணக்கு நோட்டை வெச்சுக்கிட்டுப் பேசினா அது ஏற்பாடு. குரல் நடுங்கினா நடுங்கட்டும். பக்கத்துல எண்ணு இருந்தா நடுங்கற குரலும் எடுபடும்.

---

தெளிநீர்

ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கேட்பது, சொந்த வருமானத்தையே தொட விடாதது, அழுதால் அதையே ஆயுதமாக்கிப் பரிகசிப்பது என்று இருந்தால், பிரச்சினை உங்கள் உறுத்தலில் இல்லை. அது பொருளாதார வன்முறை. அங்கே 'எதிர்ச்செயல்' பயிற்சியைத் தொடங்காதீர்கள், ஆபத்தாகலாம். முதலில் நம்பகமான ஒருவரோ சட்ட உதவியோ.

மருத்துவரிடம் போக வேண்டிய இடங்களும் சில. காரணமற்ற, மிகையான குற்ற உணர்வு மனச்சோர்வு நோயின் ஒன்பது அறிகுறிகளில் ஒன்று. அதோடு தூக்கம், பசி, ஆர்வம், தெம்பு எல்லாம் இரண்டு வாரமாகக் குலைந்திருந்தால் தாளும் பேனாவும் போதாது. உயிரை விடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்காமல் அன்றே போங்கள். மாறாக, தூக்கமே தேவைப்படாமல், பேச்சும் யோசனையும் ஓட்டமெடுத்து, உறுத்தலே இல்லாமல் பணம் பறந்தால் அது வேறு திசை. அதற்கும் மனநல மருத்துவர்தான். "நான் கெட்டவனா, கெட்டவளா?" என்று ஒரு நாளில் பல முறை பிறரிடம் உறுதி கேட்டுக்கொண்டே இருந்தால் எண்ணச்சுழல் நோயும் (ஓசிடி) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

---

சந்தேகப்பிராணி

சரி, ஒத்துக்கிறேன். ரெண்டு கேள்வி பாக்கி. ஒண்ணு, ஆறு வாரம் செஞ்சும் மார்க் இறங்கலைன்னா? ரெண்டு, தெளிநீர் தாள்ல ரெண்டாவது பத்தி, அதான் "இழந்தவர் யார்"னு கேக்கிறது, அதுல எப்பவும் ஏதாவது ஒரு பேரை எழுதிடறாங்களே? "அம்மா வருத்தப்பட்டிருப்பாங்க", "மேலாளருக்குச் சங்கடமா இருந்திருக்கும்."

---

நடுநிசி_நத்தை

இறங்கலைன்னா நான் பாக்கிற வரிசை: தள்ளுபடியில வாங்கினீங்களா? பொருள் இன்னும் உறையிலயே இருக்கா? யார்கிட்டயாவது "சரிதானே?"ன்னு கேட்டீங்களா? பையில காசு இல்லாம வேற கணக்குல இருந்து எடுத்தீங்களா? நாலுல ஒண்ணு "ஆமா"ன்னு வரும். கடைசிக் கேள்விக்கு ஆமான்னா உறுத்தல் சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு, கணக்கைத் திருத்துங்க. முதல் மூணுல ஒண்ணுன்னா அதே படியில இன்னும் நாலு தடவை.

நாலுமே இல்லைன்னா படி ரொம்பச் சின்னதா இருக்கலாம். 2 மார்க் உறுத்தல்ல ஆரம்பிச்சா இறங்க இடமே இல்ல. 4, 5 வர்ற பொருளா எடுங்க.

---

தெளிநீர்

இரண்டாவது கேள்விக்கு: "இருந்திருப்பாங்க", "இருந்திருக்கும்" என்று முடியும் எதையும் அந்தப் பத்தியில் எழுத விடாதீர்கள். அவை ஊகம். சந்தேகமாக இருந்தால் அந்த நபரிடம் ஒரு முறை, ஒரே முறை கேட்கலாம்: "அன்றைக்கு நான் கண் கலங்கியதால் உங்களுக்கு ஏதாவது சிரமம் ஆனதா?" பதில் எதுவானாலும் அதை அப்படியே எழுதிவிட்டுப் பத்தியை மூட வேண்டும். பதிலுக்குப் பின்னால் வேறு பொருள் தேடக் கூடாது.

சில தாள்களில் அந்தப் பத்தியில் எழுதியவர் பெயரே வரும். அழுகையை விழுங்கிக்கொண்டு பேசாமல் வந்ததால் கேட்க வேண்டியது கேட்கப்படவில்லை. கண்ணாடி மாற்றாததால் ஆறு மாதம் தலைவலி. அதுவும் இழப்புத்தான், அளவோடு எழுதுங்கள்.

---

சந்தேகப்பிராணி

அப்படி வந்தா ஈடு எந்தப் பையில இருந்து?

---

வரவுசெலவு

கண்ணாடி என்றால் 60-இலிருந்து. மேலேயே எழுதியிருக்கிறேன்.